வியர்க்காமல் ஓடுதல்

இந்த ஒக்டோபர் கடைசியில் கிறீன்லாந்தில் ஒரு மரதன் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஊரின் பெயர் கங்கர்லுஸ்ஸுவாக். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, நீண்டு கிடக்கும் கடலேரி ஒன்றின் தலைமாட்டில், ஐந்நூறு பேரளவில் வாழும் சிற்றூர். ஓட்டத்தின் ஒரு பகுதி உள்நாட்டுப் பனிப்படலத்தின் மேல்; மிச்சமெல்லாம் சரளைத் தெருவில் ஊரை நோக்கி. பூச்சியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து பாகை இருக்கும் என்கிறார்கள். காற்று எழும்பினால் அந்தக் கணக்கும் மாறிவிடும்.

பத்து மாதமாகப் பழகி வருகிறேன். வயது ஐம்பத்தொன்பது. 42.195 கிலோமீற்றர் எனக்குப் புதிய தூரமல்ல, முன்பும் ஓடியிருக்கிறேன். இந்த முறை என்னைத் தடுமாற வைப்பது தூரம் அல்ல. வியர்க்காமல் ஓடப் பழக வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின் பிள்ளைக்கு இது இலேசில் வராது. புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு ஐயா வரும்போது அவருடைய முதுகில் உப்புப் பூத்திருக்கும். வெயிலில் காய்ந்த அந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்துத்தான் அன்றைக்கு எவ்வளவு வேலை நடந்தது என்று அம்மா கணிப்பார். வியர்வை சிந்தினேன் என்று சொன்னால் எங்கள் மொழியில் நேர்மையாக வாழ்ந்தேன் என்று பொருள். அதைச் சிந்தாமல் உழை என்று சொன்னால், உழைக்காதே என்று சொன்னதுபோலத்தான் முதலில் காதில் விழுகிறது.

ஆனால் குளிரின் கணக்கு வேறு. வெயிலில் வியர்வை ஆவியாகி உடம்பின் சூட்டைக் கொண்டுபோகிறது. அதுதான் நம்மைக் காக்கிறது. பனியில் அதே வியர்வை துணியில் தங்கிவிடுகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். ஓடிக்கொண்டிருக்கும்வரை தசைகள் சூட்டை உண்டாக்குவதால் ஈரம் தெரியாது. முப்பதாவது கிலோமீற்றரில் கால் தளர்ந்து வேகம் குறையும்போதுதான் அது தன்னைக் காட்டும். முதல் பத்துக் கிலோமீற்றரில் வாங்கிய கடனைக் கடைசிப் பத்தில் வட்டியோடு கட்ட வேண்டும். அந்த நேரத்தில் கட்டுவதற்கு உடம்பில் ஒன்றும் இருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. ஒரு மீன் தொழிற்சாலையில், ஒரு பெண்ணிடம் கேட்டு அறிந்தேன்.

*

நோர்வேக்கு நான் வந்தது 1988 மாசி மாதம். அந்த ஆண்டுகளில் வந்த தமிழரில் பலருக்கு வேலை கிடைத்தது நாட்டின் வடக்கு முனையில், ஃபின்மார்க் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில். உள்ளூர் இளையவர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். கத்தி பிடிக்கக் கைகள் தேவைப்பட்டன. நாங்கள் பிடித்தோம். பனிக்கடலிலிருந்து வந்த தொர்ஸ்க் மீனை முள் நீக்கிச் சதையாக்கும் வரிசையில் என்னை நிறுத்தினார்கள். உள்ளே பருத்திக் கையுறை, அதன்மேல் றப்பர்க் கையுறை, காலில் உயரமான றப்பர்ச் சப்பாத்து, தரை முழுக்கத் தண்ணீர்.

வெளியே போகும்போது அணிய ஒரு தடித்த மேற்சட்டை வாங்கியிருந்தேன். அதற்குள்ளே, ஊரில் அணிந்த அதே பருத்தி பெனியன். தொழிற்சாலைக்கு நேரத்துக்குப் போகவேண்டும் என்று ஏற்றத்தில் ஓடுவேன், வியர்க்கும். பிறகு எட்டு மணிநேரம் அசையாமல் நின்று வெட்டுவேன். மூன்றாம் நாள் என் கத்தி நடுங்கத் தொடங்கியது.

வரிசைக்குப் பொறுப்பான பெண்ணுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். என்னை உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப்போனார். ஒன்றும் கேட்கவில்லை. என் கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரலை விட்டுப் பெனியனைத் தொட்டுப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். அடுத்த நாள் காலை ஒரு பையைக் கொண்டுவந்து தந்தார். அதற்குள் கம்பளியில் பின்னிய உள்ளுடை, மேலுக்கும் காலுக்கும். அவருடைய கணவருடையது. துவைத்து மடித்திருந்தது. முழங்கையில் வேறு நிற நூலால் தைத்திருந்தார்கள்.

பிறர் உடுத்த உள்ளுடையை உடுப்பதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஐயாவும் அம்மாவும் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றும் எண்ணினேன். உடுத்தேன். அன்று மத்தியானம், அந்த நாட்டில் முதல் தடவையாக, என் முதுகு சூடாக இருந்தது. அவர் அன்றைக்குப் பேசியதில் எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்: உல். கம்பளி. நோர்வே மொழியில் நன்றிக்கும் காலை வணக்கத்துக்கும் பிறகு நான் மனத்தில் வைத்துக்கொண்ட சொல் அதுதான்.

கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடைதான் இருக்கிறது என்று நோர்வேக்காரர் அடிக்கடி சொல்வார்கள். புதிதாக வந்தவனுக்கு அது கொஞ்சம் இரக்கமில்லாத பேச்சாகக் கேட்கும். நல்ல உடை எது என்று தெரிந்தவனுக்கும், அதை வாங்கக் காசிருப்பவனுக்கும் மட்டுமே அது உண்மை. தெரியாதவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அந்தப் பெண் பழமொழி சொல்லவில்லை, பை கொண்டுவந்தார்.

*

நான் வந்ததற்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன், 1888 கோடையில், ஃபிரித்யொஃப் நான்சன் என்ற இருபத்தாறு வயது நோர்வே விலங்கியலாளர் ஐந்து பேரோடு கிறீன்லாந்தின் கிழக்குக் கரையில் இறங்கினார். பனிப்படலத்தைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போவது திட்டம். அவருக்கு முன் முயன்றவர்கள் ஆளிருக்கும் மேற்கிலிருந்து தொடங்கினார்கள், களைத்ததும் திரும்பினார்கள். நான்சன் ஆள் அரிதான கிழக்கிலிருந்து தொடங்கினார். பின்னால் திரும்பிப் போக ஊர் இல்லை. ஒக்டோபர் 3ஆம் நாள், இன்று நூக் எனப்படும் ஊரை அடைந்தார். கிறீன்லாந்தின் உள்நாட்டைக் குறுக்கே கடந்ததாகப் பதிவான முதற்பயணம் அதுவே.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதைத் துணிவின் கதையாகப் படிக்கிறார்கள். இந்தப் பத்து மாதத்தில் நான் இதை வேறு மாதிரிப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அந்த ஆறு பேரில் இருவர் ஃபின்மார்க்கின் காராஷோக்கைச் சேர்ந்த ஸாமி மக்கள்: சாமுவெல் பால்தோ, ஊலெ நீல்சென் ராவ்னா. கலைமான் தோலில் தைத்த சப்பாத்துக்குள் காய்ந்த கோரைப்புல்லைத் திணித்து அணிவது ஸாமி வழக்கம். அந்தப் புல் காலின் ஈரத்தை உறிஞ்சும்; இரவில் எடுத்துக் காயவைத்து மறுநாள் மீண்டும் திணிக்கலாம். ஆயிரமாண்டுக் குளிரில் பிழைத்த மக்களின் அறிவு அது. நான்சன் அதைக் கேட்டுக்கொண்டார். கடைசிக் கப்பலைத் தவறவிட்டு அந்தக் குளிர்காலம் முழுவதும் கிறீன்லாந்திலேயே தங்க நேர்ந்தபோது, இனுயிட் மக்களிடம் அவர்களின் தோல் படகைச் செலுத்தக் கற்றுக்கொண்டார்.

ருவால் அமுண்ட்சனும் அப்படித்தான். 1903 முதல் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போன பயணத்தில், இரண்டு குளிர்காலம் கிங் வில்லியம் தீவில் நெற்சிலிக் இனுயிட் மக்களின் பக்கத்தில் வாழ்ந்தார். நாய்வண்டி ஓட்டவும், தோலுடையைத் தளர்வாக அணிந்து உள்ளே காற்று உலவ விடவும் அவர்களிடம் கற்றார். 1911 டிசம்பர் 14ஆம் நாள் தென்துருவத்தில் நின்றபோது அவர் கூட்டத்தின் உடம்பில் இருந்தது அந்த மக்களின் பாடம். நான் வாழும் துரொம்சோ நகரத் துறைமுகத்தருகே அமுண்ட்சனுக்குச் சிலை இருக்கிறது. அவருக்குத் தோலுடை தைத்துக்கொடுத்த பெண்களுக்கு இந்த நகரில் நான் சிலை கண்டதில்லை.

குளிரில் பிழைத்தவர்கள் எல்லோரும் கேட்டுப் பிழைத்தவர்கள். துருவ மரதனுக்கு ஆயத்தமாவது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: முதலில் காதை ஆயத்தம் செய்ய வேண்டும். கால்கள் பிறகு.

நான்சனைப் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். 1921இல் அவர் சர்வதேச சங்கத்தின் அகதிகள் உயர் ஆணையாளரானார். ரஷ்யப் புரட்சியாலும் போராலும் நாடற்றுப் போனவர்கள் எல்லையைக் கடக்க ஒரு தாள் வேண்டியிருந்தது. 1922இல் அந்தத் தாள் பிறந்தது. நான்சன் கடவுச்சீட்டு என்று உலகம் அதை அழைத்தது. அதே ஆண்டு அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. என் முதல் வெளிநாட்டுப் பயணத்தை நான் செய்தது அகதிகளுக்கான பயண ஆவணத்தில்தான். அந்தத் தாளின் மூதாதை நான்சனின் தாள். சொந்த நாட்டின் கடவுச்சீட்டு இல்லாதவன் நிற்பது பருத்திச் சட்டையோடு பனியில் நிற்பது போன்றது. இரண்டிலிருந்தும் தானாக வெளியே வர முடியாது. யாரோ ஒருவர் போர்த்த வேண்டும். நான்சனுக்கு இது பனியில் விளங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

*

உடம்பு வெயிலைக் கற்றுக்கொள்ளும். குளிர் நாட்டுக்காரர் ஒருவர் வெப்ப நாட்டுக்குப் போய் நாளும் ஒரு மணிநேரம் வெயிலில் ஓடினால், இரண்டு கிழமைக்குள் அவருடைய உடம்பு மாறிவிடும். வியர்வை முந்தி வரும், அதில் உப்புக் குறையும், இதயத் துடிப்பு இறங்கும். குளிருக்கு அப்படியொரு குறுக்கு வழி இல்லை. உடம்பு அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளப் பழகும், நடுக்கம் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். நாம் வெயிலில் பிறந்த இனம். குளிரில் நம்மைக் காத்தது நம் தோல் அல்ல, பிறர் நமக்குத் தைத்துத் தந்த தோல்.

குளிர் பட்டதும் உடம்பு முதலில் செய்வது ஒரு கடினமான முடிவு. தோலுக்கும் விரலுக்கும் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இருக்கும் சூட்டை நெஞ்சுக்குள் சேர்க்கிறது. உயிரைக் காக்க விரலைக் கைவிடுகிறது. ஆனால் முற்றாகக் கைவிடுவதும் இல்லை. 1930இல் தோமஸ் லூயிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர், பனிநீரில் வைத்த விரலுக்குச் சில நிமிடங்களின் பின் இரத்தம் மீண்டும் பாய்ந்து விரல் சூடேறுவதையும், பிறகு சுருங்குவதையும், மறுபடி சூடேறுவதையும் அலை அலையாகப் பதிவுசெய்தார். 1962இல் பிரித்தானிய மீன் வெட்டும் தொழிலாளரின் கைகளை ஆராய்ந்தபோது, பிறரைவிட அவர்களுக்கு இந்தச் சூட்டு அலை விரைவாகவும் வலுவாகவும் வருவது தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் பனிநீரில் நனைந்த விரல்கள் எதையோ கற்றிருந்தன.

அதைப் படித்த இரவு என் கைகளை விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். பதினொரு ஆண்டு மீன் வெட்டிய கைகள். அந்த ஆண்டுகளை நான் இழந்த காலமாகவே எண்ணி வந்திருக்கிறேன். படிக்க நினைத்ததைப் படிக்காமல், வாழ நினைத்த இடத்தில் வாழாமல், கத்தியும் தண்ணீருமாகப் போன காலம். பழகும் நாட்களில் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டும்போது என் விரல்கள் விரைவில் சூடேறுகின்றன. அந்தக் காலம் முழுவதும் வீணாகவில்லை என்று என் உடம்பு சொல்கிறது. இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்கு வேண்டியதில்லை.

மூக்கு அப்படி ஒன்றையும் கற்கவில்லை. கன்னமும் காது மடலும் கற்கவில்லை. அங்கேதான் காற்று வந்து சேருகிறது. காற்றுக் குளிரை முதலில் அளந்தவர்கள் போல் சைப்பிள், சார்ள்ஸ் பஸ்ஸெல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940களின் தொடக்கத்தில் அந்தாட்டிக்காவில், ஒரு பிளாஸ்திக் உருளையில் தண்ணீர் நிரப்பி வெளியே தொங்கவிட்டு, வெவ்வேறு காற்றில் அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். பிறகு அந்தக் கணக்கு மனித முகத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. இன்று பயன்படும் வாய்பாட்டின்படி, மறை 20 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது மறை 33 போல இருக்கும். எதிர்காற்றில் ஓடினால் நம் ஓட்டமும் அந்தக் காற்றோடு சேரும். வேகமாக ஓடுகிறவன் தனக்குத் தானே காற்றை உண்டாக்குகிறான்.

உறைகிற தோல் முதலில் வலிக்கும். பிறகு வலி நின்றுவிடும். நின்றதும் நாம் நிம்மதி கொள்கிறோம். ஆபத்து அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மூக்கு நுனியில் மெழுகு போல ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். அதை உடனே கண்டு, வெறும் உள்ளங்கையால் மூடிச் சூடேற்றினால் போதும், தோல் மீளும். பனியால் தேய்க்கக் கூடாது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே அப்படித் தேய்க்கச் சொன்னார். நூறாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் அதைப் பின்பற்றித் தோலைக் கெடுத்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தன் மூக்கு வெளுப்பதைத் தானே காண முடியாது.

*

அதனால் நான் தனியே பழகுவதில்லை. என் கூட்டாளியின் மகள் கூட ஓடுகிறாள். வயது இருபத்தேழு, துரொம்சோவில் பிறந்தவள். பனியில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக் குளிர் தாய்மொழி. நான் அவளிடம் கேட்கிறேன். தை மாதத்தில் மூன்று நாள் காராஷோக்குக்குப் போனோம். துரொம்சோவைக் கடல் இளஞ்சூடாக வைத்திருக்கிறது. உண்மையான குளிர் உள்நாட்டு மேட்டுநிலத்தில்தான். 1886இல் மறை 51.4 பாகை பதிவான ஊர் அது. நோர்வேயில் அதற்குக் கீழே எங்கும் பதிவாகவில்லை. நாங்கள் போன நாட்களில் மறை இருபத்தேழு.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அவள் பேசுவது மிகக் குறைவு. "மாமா, மூக்கு" என்பாள். நான் கையுறையைக் கழற்றி மூக்கை மூடுவேன். ஏற்றம் வரும் முன்னே, "மாமா, சிப்பைத் திறவுங்கோ" என்பாள். ஏற்றத்தில் சூடேறிய பிறகு திறப்பதில் பயனில்லை, வியர்வை வந்துவிட்டிருக்கும். இறக்கம் தொடங்கும் முன் மூட வேண்டும். முதல் கிலோமீற்றர் முழுக்கக் கொஞ்சம் குளிர வேண்டும். வெளிக்கிடும்போதே இதமாக இருந்தால் உடுப்புக் கூடிப்போச்சு என்று பொருள். உடம்பு என்ன செய்யப்போகிறது என்பதை உடம்புக்கு முன்பே அறிய வேண்டியிருக்கிறது.

சிறிய சிறிய காரியங்கள்தான். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைத்துக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் மேலிருந்து உறையும் என்பதால் மூடி கீழே இருந்தால் கடைசிவரை திறக்கலாம். சத்துப் பசையை உள்ளுடையோடு ஒட்டி வைக்காவிட்டால் கல்லாகிவிடும். சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுகினால் இரத்தம் ஓடாது. பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க அடியில் ஆணிப் பட்டை. வாயை மூடிய துணி மூச்சின் ஈரத்தில் அரைமணியில் உறைந்து அட்டையாகிவிடும். அதைச் சுற்றித் திருப்ப வேண்டும், இன்னொன்றை மாற்றுக்கு வைத்திருக்க வேண்டும். தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்க வேண்டும், ஏனென்றால் வறண்ட காற்று ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது. விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை, விரல் பிரிந்த கையுறையைவிடச் சூடு. இதைச் சொன்னவர் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இளமையில் இந்த நகரிலிருந்து பனிக்கடலுக்குச் சீல் வேட்டைக்குப் போனவர். ஒரு காலை அவருக்குக் காலுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கைப் பெருவிரலையும் மற்ற விரல்களோடு உள்ளே மடித்து வை, அது தனியே இருந்தால் செத்துவிடும் என்றார்.

இப்படிப் பார்த்தால் என் வாழ்வின் பெரும்பகுதி உடுத்திவிடுவதிலும் உடுத்திவிடப்படுவதிலும் போயிருக்கிறது. காலை ஏழு மணிக்கு எட்டு முதியவர்களுக்குக் கம்பளி உள்ளுடை மாட்டிவிடுகிறேன். சிலருக்குக் கை தூக்க முடியாது. சிலருக்கு நான் யார் என்று தெரியாது. எல்லோருக்கும் முதுகு சூடாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

*

நோர்வேயில் மலைக்குப் போவோருக்கு ஒன்பது விதிகள் உண்டு. பிள்ளைகள் பள்ளியிலேயே கற்கிறார்கள். எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. முதலில் கேட்டபோது அந்த விதி என் நெஞ்சில் குத்தியது. திரும்ப முடியாமல் வந்தவர்கள் நாங்கள். திரும்புதல் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு கனம். அம்மாவின் செத்த வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. அதனாலேயே வாழ்க்கையில் வேறெதிலும் திரும்பக் கூடாது என்று ஒரு பிடிவாதம் என்னுள் வளர்ந்திருந்தது. தொடங்கியதை முடிப்பது, எப்படியும் முடிப்பது.

காராஷோக்கில் இரண்டாம் நாள், பதினெட்டாவது கிலோமீற்றரில், என் இடது கால் விரல்கள் இருப்பது தெரியவில்லை. இன்னும் பத்து ஓடிவிடலாம் என்றேன். பிள்ளை நின்றாள். "மாமா, திரும்புவம்" என்றாள். நான் திரும்பினேன். வீட்டுக்குள் போய்க் காலை அவளுடைய கைகளுக்குள் வைத்தபோது விரல்கள் வலித்தன. வலி வந்தது நல்ல செய்தி. அன்று கற்றதுதான் இந்தப் பத்து மாதத்தில் கற்ற பெரிய பாடம். சில நாட்களில் திரும்புவதற்கு ஒரு இடம் இருக்கிறது. அது இருக்கும்போது திரும்ப வேண்டும்.

திரும்புவதற்கு மட்டுமல்ல, முடிப்பதற்கும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அயர்லாந்தைச் சேர்ந்த மார்க் பொலொக் 2004இல் வடதுருவ மரதனை ஓடி முடித்தார். கடலில் மிதக்கும் பனித்தட்டின் மேல் ஓடும் ஓட்டம் அது. அவருக்குக் கண் பார்வை இல்லை. பக்கத்தில் ஒரு தோழர் கூட ஓடினார். இதை நான் வியப்புக்காகச் சொல்லவில்லை. பனிமூட்டம் இறங்கும்போது நிலமும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். மேடு எது பள்ளம் எது என்று யாருக்கும் தெரியாது. கண்ணிருப்பவரும் அப்போது பக்கத்தில் ஒருவர் குரலைத்தான் தேடுவார். 2022 ஜனவரியில் சைபீரியாவின் ஒய்மியாகோனில் மறை 53 பாகையில் ஒரு மரதன் நடந்தது. அவ்வளவு குளிரில் ஓட முடியும் என்பது உண்மைதான். பாதை நெடுகச் சூடான தேநீரோடு நிற்கவும், முகத்தைப் பார்க்கவும் ஆட்கள் இருக்கும்போதுதான் அது உண்மை.

*

ஓடப்போகும் பனியைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. கிறீன்லாந்தின் பனிப்படலம் ஏறத்தாழ 17 இலட்சம் சதுரக் கிலோமீற்றர். நடுவில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் தடிப்பு. முழுவதும் உருகினால் உலகின் கடல் மட்டம் ஏழு மீற்றருக்கு மேல் உயரும். அது நூற்றாண்டுகளில் நடக்கும் காரியம், ஆனால் தொடங்கிவிட்டது. 2012 யூலையில் சில நாட்களுக்குப் படலத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ முழுவதும் உருகியது. அந்த மாதம் கங்கர்லுஸ்ஸுவாக்கின் ஆற்றில் உருகுநீர் வெள்ளமாகப் பெருகி ஊரின் பாலத்தை உடைத்துக்கொண்டு போனது. 2021 ஓகஸ்ட் 14இல், படலத்தின் உச்சியில் இருக்கும் ஆய்வு நிலையத்தில், அறிந்தவரை முதல் தடவையாக மழை பெய்தது.

என் ஊர் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு மிகத் தாழ்ந்த நிலம். கிணற்றில் உப்பு ஏறுவதைப் பற்றி நான் சிறுவனாக இருந்த காலத்திலேயே பெரியவர்கள் கவலையோடு கதைப்பார்கள். கிறீன்லாந்தில் உருகும் நீருக்கும் அந்தக் கிணறுகளுக்கும் இடையில் ஒரே கடல்தான் இருக்கிறது. நான் அந்தப் பனியின் மேல் ஓட விமானத்தில் போகிறேன். அந்த விமானத்தின் புகையும் பனியை உருக்கும் கணக்கில் சேரும். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒருமுறை போவேன். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து மலைகளில் ஓடுவேன். போகும் அந்த ஒருமுறை, கேட்கப் போகிறவனாகப் போவேன். பனி என்ன சொல்கிறது என்று கேட்கவும், அதைத் தமிழில் எழுதவும்.

உடம்பைப் பொறுத்தவரை நான் ஆயத்தம். மெதுவாக ஓடுவேன். ஏற்றத்துக்கு முன் சிப்பைத் திறப்பேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். விரல் தெரியாமல் போனால் நிற்பேன். ஐயாவின் முதுகில் பூத்த உப்பை நான் மறக்கவில்லை. அது அந்த மண்ணுக்குரிய அறம். இந்தப் பனிக்கும் ஒரு அறம் இருக்கிறது: தேவைக்கு மேல் எரியாதே, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்.

பயணப் பையைக் கட்டி வைத்துவிட்டேன். அதில் கம்பளி உள்ளுடை இரண்டு சோடி. ஒன்று எனக்கு. மற்றது, வெளிக்கிடும் இடத்தில் பருத்தியோடு நிற்கும் யாருக்காவது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் குளிர் நாடுகளில் இருக்கிறீர்கள். இந்தக் குளிர்காலத்திலும் புதியவர்கள் வந்து இறங்குவார்கள்: எங்கள் நாட்டவர், வேறு நாட்டவர், பேர் தெரியாத மொழி பேசுவோர். எப்படி வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்க ஆட்கள் நிறைய இருப்பார்கள். நீங்கள் அவருடைய கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஈரப் பருத்தி இருந்தால், கம்பளி கொடுங்கள்.